வார்னிஷையும் சேர்த்து அளந்தவர்

முப்பத்து மூன்று வருஷம் பாலங்களுக்குக் கணக்குப் போட்டு ஓய்வுபெற்ற வன்மீகநாதனுக்கு, மலையேறி வந்த முதல் நாளே சந்தேகம் வந்துவிட்டது.

சந்தேகத்துக்குக் காரணம் ஒரு சீட்டு. தூண்டில் கழி செய்யக் கற்றுத் தருகிற தேவகிருபை டீச்சர் தன் கையால் எழுதிக் கொடுத்தது. ஏழடித் தூண்டில் கழிக்கு நுனியிலிருந்து அடிவரை, ஐந்து அங்குலத்துக்கு ஓர் இடமாக, பருமன் எவ்வளவு இருக்க வேண்டும் என்று மில்லிமீட்டரில் பதினேழு எண்கள். வேறு ஒரு வரி கிடையாது.

வன்மீகநாதன் சீட்டைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமை.

"இதுல சேஃப்டி ஃபேக்டர் எங்க டீச்சர்?"

"எதுக்கு சார்?" என்றார் டீச்சர், மூங்கிலைப் பிளந்துகொண்டே.

எதுக்காமே! வன்மீகநாதனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு டன் தாங்க வேண்டிய இடத்தில் மூன்று டன் தாங்கும்படி கட்டுவதுதான் அவருக்குத் தெரிந்த தொழில். சிமென்டில் கலப்படம் இருக்கும். கம்பியில் துரு இருக்கும். மேஸ்திரி கண்ணில் மண்ணைத் தூவுவான். லாரிக்காரன் இரண்டு மடங்கு மணல் ஏற்றுவான். இத்தனை பேருக்கும் சேர்த்துக் கொஞ்சம் கூட்டிப் போட்டுவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாம். அவர் போட்ட பாலம் ஒன்றுகூட விழவில்லை. இந்த மனுஷன் பாலத்துக்கு இரும்பு கட்டுப்படியாகாது என்று மேலே இருப்பவர்கள் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டுமே, விழவில்லையே!

"உடையாம இருக்கணும்ல டீச்சர்?"

"வளையணும் சார்."

"சரி, உடையாம வளையணும்."

"சீட்டுல இருக்கற மாதிரி சீவுங்க. வளையும்."

உடையாது என்று அந்த அம்மாள் சொல்லவில்லை. வன்மீகநாதன் அதை மனசில் குறித்துக்கொண்டார்.

டீச்சருக்கு நாற்பத்து நாலு வயது. இவருக்கு ஐம்பத்தொன்பது. அவர் இவரை சார் என்பார், இவர் அவரை டீச்சர் என்பார். ஓடைக்கரையில் டீச்சரின் பட்டறை. அங்கே செய்கிற கழிக்கு எங்கெங்கிருந்தோ ஆர்டர் வரும். கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு ஒரே ஒரு விதி.

"மூணு ராடு செய்யலாம் சார். மூணும் உடைஞ்சா பஸ் ஏறிடணும். வருத்தப்படக் கூடாது."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். வன்மீகநாதனுக்கு அது பரீட்சையாகப் பட்டது. பள்ளிக்கூட நாளிலிருந்து அவர் ஒரு பரீட்சையிலும் தோற்றதில்லை. கிளம்பும்போது மருமகள், "ஒரு மாசம் தாங்குவீங்களா மாமா?" என்று கேட்டுச் சிரித்திருந்தாள். பெட்டியோடு திரும்பிப் போய் அந்தப் பெண் முகத்தில் முழிப்பதற்கு இந்த ஓடையிலேயே விழுந்துவிடலாம் என்றுதான் அவருக்குத் தோன்றியது.

மருமகளை விடுங்கள். உண்மையான காரணம் வேறு. போன வருஷம் சுற்றுலா வந்த இடத்தில் டீச்சர் ஓடையில் கழி வீசுவதை அவர் பார்த்தார். பின்னால் வளைந்து, ஒரு கணம் நின்று, முன்னால் நிமிர்ந்தது. அவர் ஆயுசில் கட்டிய எதுவும் அசைந்ததில்லை. அசையாமல் இருப்பதற்காகவே கட்டியவை. இது உயிரோடு இருந்தது. அன்று கண் கலங்கிவிட்டது. தூசி என்று மனைவியிடம் சொல்லிச் சமாளித்தார். தன் கையால் அப்படி ஒன்று செய்யாமல் சாகக் கூடாது என்று அப்போதே முடிவு கட்டிவிட்டார்.

இந்தத் தூண்டிலின் சங்கதியே வேறு. மண்புழு கிடையாது, ஈயக்குண்டு கிடையாது. இறகையும் நூலையும் சுற்றிச் செய்த ஓர் ஈ, ஊதினால் பறக்கும். அதை எப்படி எறிவது? ஆகவே எறிவது ஈயை அல்ல, கனமான நூலை. கழி வளைந்து நிமிரும்போது நூல் நீண்டு போய், ஈயைத் தண்ணீர் மேல் வைத்துவிட்டு வரும். டிரவுட் மீன் அதை நிஜ ஈ என்று நம்பிக் கவ்வும். கழி வளையாவிட்டால் நூல் போகாது. அளவுக்கு மீறி வளைந்தால் ஒடியும்.

இரண்டாம் நாள் டீச்சர் சொன்னார்: "சார், நீங்க கணக்குத் தெரிஞ்சவங்க. பாரம் எல்லாத்தையும் எழுதுங்க. சீட்டுல இருக்கற எண் எப்படி வந்துச்சுன்னு உங்களுக்கே தெரியும்."

"மீன் எத்தனை கிலோ வரும்?"

"மீனை விடுங்க. ராடு ஒடியறது மீனால இல்லை, வீச்சால."

வன்மீகநாதன் நோட்டுப் புத்தகத்தில் பாரம் என்று ஒரு பத்தி போட்டார். பக்கத்தில் தாங்குவது என்று இன்னொரு பத்தி. நுனிக்கு வெளியே நிற்கிற நூலின் எடை, வளையங்களுக்குள் ஓடுகிற நூலின் எடை, வளையங்கள், பித்தளை மூட்டு, வார்னிஷ், மூங்கிலின் சொந்த எடை எல்லாவற்றையும் பாரப் பத்தியில் எழுதினார். பின்வீச்சை நிறுத்துகிற கணத்தில் இவ்வளவும் நாலு மடங்காகும் என்று டீச்சர் சொன்னதையும் சேர்த்துக்கொண்டார். ஐந்து அங்குலத்துக்கு ஒரு தரம் வளைக்கிற விசை எவ்வளவு, அங்கே மூங்கில் தாங்குகிற தகைவு எவ்வளவு என்று ஒரு வாரம் உட்கார்ந்து போட்டார். வரைபடம் அழகாக வந்தது. ஓரிடத்திலும் குதிக்காத வழுவழுப்பான கோடு.

அழகாக வந்ததுதான் பிரச்சினை. தாங்க வேண்டியது எவ்வளவோ கிட்டத்தட்ட அவ்வளவேதான் அந்தக் கழி தாங்கும். மேலே ஒரு சொட்டு மிச்சம் இல்லை.

"டீச்சர், இது நூல்மேல நடக்கற மாதிரில்ல இருக்கு? கொஞ்சம் கூட்டிப் போடலாமா?"

"இப்ப வேண்டாம் சார். முதல்ல சீட்டுப்படி செய்ங்க."

"பயமா இருக்கு."

"எனக்கும் முதல் ராடுல பயமாத்தான் இருந்துச்சு," என்று சொல்லிவிட்டு டீச்சர் டீ போடப் போய்விட்டார்.

மூங்கிலை ஆறு சிம்பாகப் பிளந்து, ஒவ்வொன்றையும் இரும்பு அச்சின் பள்ளத்தில் வைத்து முக்கோணமாக இழைத்து, ஆறையும் சேர்த்து ஒட்டினால் அறுகோணக் கழி. உள்பக்கம் இரண்டு முகத்தை மட்டும் இழைக்கலாம். வெளிப்பக்கத்துக்கு அங்கே முதுகு என்று பெயர். "முதுகுல இழைப்புளி படக் கூடாது சார்," என்று டீச்சர் சொல்லியிருந்தார். ஏன் என்று சொல்லவில்லை. இவரும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடவா போகிறார் என்று நினைத்துக்கொண்டார்.

முதல் கழி மூன்றாம் வீச்சில் ஒடிந்தது. நுனியிலிருந்து ஒரு முழத்தில், சத்தமே இல்லாமல் மடிந்து தொங்கியது.

வீசியவர் டீச்சர். ஒடிந்ததைப் பார்த்து, "ப்ச்," என்றார். அவ்வளவுதான்.

இரண்டாவது கழி ஒரு நாள் முழுக்கத் தாங்கியது. சாயங்காலம் அரைக் கிலோ மீன் ஒன்று மாட்டி, அதை ஓடையிலேயே விட்டுவிட்டு, கழியைக் கழுவித் துடைத்து, இன்னும் ஒரே ஒரு வீச்சு என்று டீச்சர் எடுத்தபோது, அதே முழத்தில் ஒடிந்தது.

வன்மீகநாதனுக்கு அழுகை வந்தது. அழவில்லை. கோபப்பட்டார், அது சுலபமாக வந்தது.

கணக்கைத் திரும்பப் போட்டார். தப்பு இல்லை. இன்னொரு முறை போட்டார். தப்பு இல்லை. கழியைச் சீவும்போது ஒவ்வோர் இடத்தையும் அளந்திருக்கிறார். சீட்டில் இருந்த எண் அப்படியே வந்திருக்கிறது. கணக்கும் சரி, அளவும் சரி என்றால் வேறு எது தப்பு?

சீட்டு.

அட, இது ஏன் முன்னமே தோன்றவில்லை! இந்த அம்மாள் ஏன் உண்மையான எண்ணைக் கொடுப்பாள்? நாளைக்கே நான் இதே ஓடையில் ஒரு பட்டறை போட்டுவிட்டால்? அதனால்தான் மூணு ராடு, பஸ் என்றெல்லாம் விதி.

அப்படியென்றால் ஜோகி? ஜோகி கூடப் படிக்கிறவர். தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்தவர், முப்பத்தைந்து வயது, வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று இருப்பவர். அவர் செய்த கழி ஒன்றும் ஒடியவில்லை. உள்ளூர்க்காரர். அவருக்கு நிஜச் சீட்டு கிடைத்திருக்கும்!

ஜோகி வெளியே போன சமயம் பார்த்து அவருடைய மேஜையை வன்மீகநாதன் எட்டிப் பார்த்தார். சீட்டு அங்கேயே திறந்து கிடந்தது. அதே பதினேழு எண்கள். புள்ளிகூட மாறவில்லை.

வேறு யாராவது என்றால் அத்தோடு மனசு ஆறியிருக்கும். வன்மீகநாதன் நாற்காலியில் சாய்ந்து யோசித்தார். எதற்குத் திறந்து வைத்திருக்கிறான்? நான் பார்க்கட்டும் என்றுதானே! அசல் சீட்டு சட்டைப் பையில் இருக்கும்.

"ஜோகி," என்றார், அவர் திரும்பி வந்ததும், "உங்க ராடு எப்படிங்க உடையாம நிக்குது?"

ஜோகி கொஞ்சம் யோசித்தார். "தெரியலீங்க சார். டீச்சர் சொன்னபடி செஞ்சேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாங்க."

கல்லுளிமங்கன், என்று மனசுக்குள் திட்டிக்கொண்டார் வன்மீகநாதன்.

ஞாயிற்றுக்கிழமை காலை டீச்சர் கோயிலுக்குப் போனார். ஜோகிக்கு லீவு. பட்டறைச் சுவரில் டீச்சரின் சொந்தக் கழி ஆணியில் தொங்கியது. எட்டு வருஷமாக அவர் வீசுகிற கழி. தேன் நிறத்தில் பளபளவென்று இருக்கும். வன்மீகநாதன் கதவைச் சாத்தினார். ஊரிலிருந்து கொண்டுவந்த மைக்ரோமீட்டரை எடுத்தார்.  வாழ்க்கையில் இன்னொருத்தர் பொருளைக் கேட்காமல் தொட்டது அதுதான் முதல் தடவை.

நுனியிலிருந்து பத்து அங்குலத்தில் அளந்தார். சீட்டில் இருந்தது இரண்டு புள்ளி மூன்று பூஜ்யம். கழியில் இருந்தது இரண்டு புள்ளி நாலு பூஜ்யம்.

மாட்டிக்கொண்டாயா!

பதினேழு இடத்திலும் அளந்தார். பதினேழிலும் சீட்டைவிடப் பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர் அதிகம். அவருக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே, முதல் பாலம் திறந்த அன்றுகூட அப்படி வந்ததில்லை. நான் நினைத்தது சரி. என்னை ஏமாற்றியிருக்கிறாள். சரியாகத்தான் நினைத்திருக்கிறேன்!

கழியைத் திரும்ப ஆணியில் மாட்டிவிட்டு, மைக்ரோமீட்டரைத் துடைத்து உறையில் போட்டார்.

மூன்றாவது கழியைத் திருட்டு எண்ணில் செய்தார். அதோடு விட்டாரா? இந்த எண்ணும் முழு உண்மையாக இருக்காது என்று பட்டது. தன் பங்குக்கு ஒவ்வோர் எண்ணிலும் பாதியை அதன்மேல் கூட்டினார். சேஃப்டி ஃபேக்டர்! மூன்று வாரத்தில் கழி தயாரானது. கையில் எடுத்தால் திடமாக இருந்தது. பாலம் மாதிரி இருந்தது.

டீச்சர் அதைக் கையில் வாங்கி லேசாக ஒரு தரம் ஆட்டினார். 

"இன்னிக்கு நீங்க வீச வேண்டாம் டீச்சர்," என்றார் வன்மீகநாதன். "ஜோகி வீசட்டும்."

"ஏன் சார்?"

"சும்மாத்தான்."

ரெண்டு ராடும் உங்க கையிலதானே உடைஞ்சது என்று நாக்கின் நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டார்.

மூவரும் ஓடைக்குப் போனார்கள். ஜோகி வீசினார். நூல் நாலடி தூரத்தில் சுருண்டு தண்ணீரில் விழுந்தது. மறுபடி வீசினார். மறுபடி சுருண்டது. கழி நேராக நின்றது.

"இன்னும் பலமா வீசுங்க!" என்றார் வன்மீகநாதன்.

ஜோகி பல்லைக் கடித்துக்கொண்டு வீசினார். தோள்பட்டையைப் பிடித்துக்கொண்டார். கடைசியில், பக்கத்திலேயே கிடந்த ஈயை ஏதோ ஓர் அப்பாவி மீன் வந்து கவ்வியது. கழி வளைந்து கொடுக்கவில்லை. மீன் ஒரே ஓர் உதறு உதறியது. நூலின் நுனியில் கட்டியிருந்த மெல்லிய நரம்பு பட்டென்று அறுந்தது. மீன் போய்விட்டது.

"உடையலை!" என்று கத்தினார் வன்மீகநாதன். "டீச்சர், ராடு உடையலை! பார்த்தீங்கல்ல?"

"உடையாது சார்," என்றார் டீச்சர். "இதை வச்சுப் பந்தலுக்கு முட்டுக் கொடுக்கலாம்."

ஜோகி சிரிப்பை அடக்க முடியாமல் ஓடைப் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தச் சிரிப்புதான் வன்மீகநாதனைக் கிளப்பிவிட்டது. இரண்டு மாசமாக உள்ளே கிடந்தது அத்தனையும் வெளியே வந்தது.

"நீங்க எனக்குப் பொய்ச் சீட்டு குடுத்தீங்க!"

ஜோகியின் சிரிப்பு நின்றுவிட்டது.

"எப்படித் தெரியும்?" என்றார் டீச்சர்.

"அளந்தேன்."

"எதை?"

"உங்க ராடை. நீங்க கோயிலுக்குப் போனப்போ. தப்புதான். ஆனா அளந்தேன்."

"எத்தனை இடத்துல?"

"பதினேழு. எல்லா இடத்துலயும் சீட்டைவிடக் கூட இருக்கு."

"எவ்வளவு கூட?"

"பத்துல ஒரு பங்கு மில்லிமீட்டர்."

"நுனியிலயும் அவ்வளவுதான், அடியிலயும் அவ்வளவுதானா?"

"எல்லா இடத்துலயும் ஒரே அளவுதான்."

"ஏமாத்தறவ பதினேழு இடத்துலயும் ஒரே அளவுதான் ஏமாத்துவாளா சார்?"

வன்மீகநாதன் மனசுக்குள் அந்தப் பதினேழு எண்ணையும் ஓட்டிப் பார்த்தார்.  ஒரே அளவாக வருகிற பிழை யாரோ செய்கிற சூதல்ல, அளக்கிற விதத்தில் இருக்கிற கோளாறு என்று எத்தனை இளம் இன்ஜினீயர்களைத் திட்டியிருக்கிறார்!

"வாங்க," என்று டீச்சர் பட்டறைக்கு நடந்தார்.

சுவரிலிருந்து தன் கழியை எடுத்து மேஜையில் வைத்தார். நுனியிலிருந்து பத்து அங்குலத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டார். சவர பிளேடு ஒன்றை எடுத்தார்.

"டீச்சர்!" என்றார் ஜோகி. "நாலு பூச்சு டீச்சர் அது!"

டீச்சர் சுரண்ட ஆரம்பித்தார். தேன் நிறப் பளபளப்பு வெள்ளைப் பொடியாக உதிர்ந்தது. ஆறு பக்கமும் சுரண்டினார். அவசரப்படவில்லை. அடியிலிருந்து மூங்கில் மங்கலாக, வெறுமையாக எட்டிப் பார்த்தது. எட்டு வருஷமாக மினுமினுத்த கழியில் ஒரு சொறிபோல அந்த இடம் ஆனது.

"அளங்க சார்."

வன்மீகநாதன் அளந்தார். இரண்டு புள்ளி மூன்று பூஜ்யம்.

மைக்ரோமீட்டரை மூடி, பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்த்தார். காட்டியது. மறுபடி அளந்தார். கழியைத் திருப்பி இன்னொரு பக்கம் அளந்தார். இரண்டு புள்ளி மூன்று பூஜ்யம். சீட்டில் இருந்தது அதேதான்.

"உங்க நோட்டை எடுங்க," என்றார் டீச்சர். "பாரம்னு எழுதின பத்தியைப் படிங்க."

அவர் படித்தார். "நூல் வெளியே. நூல் உள்ளே. வளையம். பித்தளை மூட்டு..."

குரல் இறங்கியது.

"அப்புறம்?"

"வார்னிஷ்."

"வார்னிஷ் மழைக்கு சார். அது ஏறி உட்கார்ற ஆளு. சுமக்கற ஆளு இல்லை."

தன் கையெழுத்திலேயே இருந்தது. இரண்டு மாசத்துக்கு முன்னால் தானே பாரத்தில் எழுதிய வார்னிஷை, தாங்குவதில் சேர்த்து அளந்துவிட்டார். இவர் செய்த மூன்று கழியும் பூச்சு போடாத வெறும் மூங்கில். அதனால் புத்தியில் உறைக்கவே இல்லை. அவமானத்தில் காது மடல் இரண்டும் சுட்டது.

ஆனாலும் ஒரு கேள்வி பாக்கி இருந்தது. அதைக் கேட்காமல் இருக்க அவரால் முடியவில்லை.

"அப்ப என்னோட முதல் ரெண்டு ராடு ஏன் உடைஞ்சது டீச்சர்? அது சீட்டுப்படிதானே?"

டீச்சர் ஒடிந்த துண்டுகள் இரண்டையும் அலமாரியிலிருந்து எடுத்துவந்தார். ஒடிந்த முனையைச் சின்ன ரம்பத்தால் நறுக்கி, எச்சில் தொட்ட விரலால் துடைத்து, கண்ணாடி வில்லையோடு அவரிடம் நீட்டினார். அதே மாதிரி ஜோகியின் கழியில் மிஞ்சிய துண்டு ஒன்றையும் வைத்தார்.

வன்மீகநாதன் பார்த்தார். ஜோகியின் துண்டில் ஆறு சிம்பின் வெளி ஓரத்திலும் கருப்புப் புள்ளிகள் நெருக்கமாக, எள்ளைக் கொட்டிவைத்தது போல இருந்தன. மூங்கிலின் நார் அது, வளைவைத் தாங்குகிற பலமே அதுதான். உள்ளே போகப் போகப் புள்ளிகள் விலகி வெளிறிப்போயின. தன் துண்டுகள் இரண்டிலும் மூன்று சிம்புக்கு அந்த எள் ஓரம் பாதிதான் இருந்தது.

"எவ்வளவு எடுத்தீங்க சார் முதுகுல?"

"கொஞ்சம்தான். எண் சரியா வரலை. ஒரு மயிரிழை கூட இருந்தது. திருப்பி வச்சு ஒரே ஒரு இழைப்பு..."

"உள்பக்கம் எடுத்திருக்கலாமே."

"எடுத்திருக்கலாம்."

"தொடாதீங்கன்னு சொன்னேனே."

வன்மீகநாதன் தலையைக் குனிந்துகொண்டார். ஐம்பத்தொன்பது வயதில் இதைச் சொல்வது அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று சொல்லி முடியாது.

"நீங்க தொடாதீங்கன்னு சொன்னதாலதான் டீச்சர். அங்க ஏதோ இருக்குன்னு நினைச்சேன்."

"இருக்கு சார்," என்றார் டீச்சர். "அதனாலதான் தொடாதீங்கன்னேன்."

வன்மீகநாதன் எழுந்து தான் தங்கியிருந்த அறைக்குப் போனார். வேட்டி, சட்டை, கணக்கு நோட்டு, மைக்ரோமீட்டர் எல்லாவற்றையும் பெட்டியில் அடைத்தார். மருமகள் சிரித்தால் சிரிக்கட்டும். யாரும் தன்னைத் துரத்தவில்லை, ஆனாலும் இங்கே இருக்க முகம் இல்லை. தன் மேஜையைத் துடைத்து வைத்துவிட்டாவது போவோம் என்று பெட்டியோடு பட்டறைக்கு வந்தார். ஜோகி வீட்டுக்குப் போயிருந்தார். டீச்சர், சுரண்டிய இடத்தை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

வன்மீகநாதனின் மேஜைமேல் புதிதாகப் பிளந்த மூங்கில், ஆறு சிம்பு, வரிசையாக இருந்தது.

"இது யாருக்கு டீச்சர்?"

"உங்க மேஜைதானே சார் அது?"

"நான் கிளம்பறேன். மூணு முடிஞ்சுபோச்சு."

"ரெண்டுதான் உடைஞ்சிருக்கு."

"மூணாவது ராடே இல்லை டீச்சர். அது தடி."

"தடின்னாலும் உடையலையே சார். விதி விதிதான்."

பெட்டியைக் கீழே வைக்கவும் முடியாமல் தூக்கவும் முடியாமல் அவர் நின்றார்.

"உங்களைப் பொய்க்காரின்னு நினைச்சேன்."

"தெரியும் சார்."

"எப்ப தெரியும்?"

"அந்த ஞாயித்துக்கிழமை. நான் வளையம் வெளியே பார்க்கற மாதிரிதான் மாட்டுவேன். திரும்பி வந்தப்போ சுவரைப் பார்த்து இருந்துச்சு."

"அப்பவே கேட்டிருக்கலாமே!"

"நீங்க கேட்பீங்கன்னு இருந்தேன்."

 வன்மீகநாதன் பெட்டியைச் சுவரோரமாக வைத்தார். சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்தார். முதல் சிம்பை எடுத்து, முதுகைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். வழுவழுப்பாக இருந்தது. முதுகு கீழே வரும்படி இரும்புப் பள்ளத்தில் படுக்க வைத்தார்.

இழைப்புளியைக் கையில் எடுத்தார். வைத்தார். மறுபடி எடுத்தார். சீட்டைப் பார்த்தார். நல்ல எண்கள்தான். உண்மையான எண்கள்தான். கண்ணால் பார்த்தாகிவிட்டது.

"டீச்சர்."

"சொல்லுங்க சார்."

"மனசு கேக்க மாட்டேங்குது. பத்திரத்துக்குக் கொஞ்சமே கொஞ்சம் கூட்டிப் போட்டுக்கட்டுமா? ஒரு மயிரிழை?"

டீச்சர் உப்புத்தாளைக் கீழே வைத்தார். நோட்டை எடுத்து, தாங்குவது என்ற பத்திக்கு அடியில் ஒரு காலிக் கோடு போட்டு, பென்சிலோடு அவர் பக்கம் நகர்த்தினார்.

"தாராளமாப் போடலாம் சார். யாரை நம்பலைன்னு இங்க எழுதுங்க. எவ்வளவுன்னு நான் சொல்றேன்."